அப்பாவின் மாருதி 800-ம், இரண்டாவது கியரின் ‘கர்ர்’ சத்தமும்!

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் எல்லா பஸ்ஸும் நாங்குநேரி ஊருக்குள் வராது. நாலுவழிச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதனால், சென்னையிலிருந்து நான் ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் விடியற்காலையில் அப்பா காரோடு பைபாஸில் நிற்பார். வெள்ளை நிற மாருதி 800. ஏறி உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் சத்தம், “பஸ்ல தூங்குனியாட்டி?” இரண்டாவது சத்தம், காரின் இரண்டாவது கியருடையது. கர்ர்ர்...

போன பொங்கலுக்கு வந்தபோது அந்தக் ‘கர்ர்’ ரொம்பவே நீண்டது. பைபாஸிலிருந்து எங்கள் வீடு வரை நாலு வேகத்தடை. நாலிலும் அப்பா மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். நாலிலும் கர்ர். கடைசித் தடைக்குப் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். அப்பா முன்னால் பார்த்துக்கொண்டே, “பழைய வண்டில்லா... அப்படித்தான் இருக்கும்” என்றார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். “இதைக் காயலாங்கடையில போடுங்கன்னு ரெண்டு வருசமா சொல்லுதேன். யாரு கேக்கா?”

அப்பா யூனியன் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். 2004 மாடல் வண்டியை 2009-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். கடைக்கு, கோயிலுக்கு, ரேஷனுக்கெல்லாம் ஸ்கூட்டர்தான். கார் என்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கழுவுவது, பழைய வேட்டியால் துடைப்பது, பிறகு அம்மாவை ஏற்றிக்கொண்டு திருக்குறுங்குடி வரை ஒரு ஓட்டு. டிவிஎஸ் என்ற மூன்றெழுத்தின் முதல் எழுத்து அந்தத் திருக்குறுங்குடிதான். 1877-ல் அங்கே பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்தான் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டவர். காரில் யார் புதிதாக ஏறினாலும் இந்தத் தகவலை அப்பா சொல்லாமல் விடமாட்டார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்கிறேன்.

அவருக்கு இன்னொரு தகவலும் மனப்பாடம். 1983 டிசம்பர் 14-ம் தேதி, முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தவர் இந்திரா காந்தி. 796 சிசி, மூன்று சிலிண்டர். எங்கள் வண்டிக்கு நாலு கியர். இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற இந்த காரை 2014 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியபோது அப்பா சாப்பிடாமல் இருந்தார் என்று அம்மா இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

பொங்கல் முடிந்த மறுநாள் திருநெல்வேலியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினோம். “கியர் பாக்ஸை இறக்கணும், உள்ள சின்க்ரோ ரிங் போயிருக்கும். 15,000 ரூபாய் ஆகும். ஆனா, காரன்ட்டி சொல்ல முடியாது” என்றார்கள். வண்டியை விற்றால் 40,000 தேறுவதே கஷ்டம். அம்மா எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே காயலாங்கடைக்கு ஓட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது கிடைத்தாலும் ராத்திரி 2 மணி வரை படித்துக்கொண்டிருப்பது. அன்றைக்கு கியர் பாக்ஸ். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது என்று. ஆயிலை மாற்றிப் பார்ப்பது.

ஊரில் பழைய ரோட்டில் ஷெட் போட்டிருக்கும் அண்ணாச்சியிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். “கியர் ஆயில் கடைசியா எப்ப சார் மாத்துனது?”

அப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. எந்தத் தேதியில், எந்த கிலோமீட்டரில், என்ன செய்தது என்று 2009-லிருந்து எழுதிவைத்திருப்பார். இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், பேட்டரித் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. நோட்டை முழுக்கப் புரட்டிவிட்டு, “அதுக்குந் தனியா ஆயில் உண்டுமாவே?” என்று கேட்டார்.

அவர் மட்டுமல்ல, பாதிப் பேருக்கு இது தெரியாது. இன்ஜின் ஆயில் நெருப்போடு பழகுகிறது, கரி பிடித்துக் கறுத்துவிடுகிறது, சீக்கிரம் மாற்றுகிறோம். கியர் ஆயிலுக்கு நெருப்பே கிடையாது. மூடிய பெட்டிக்குள் பற்சக்கரங்களுக்கு நடுவில் கிடக்கும். கசிந்தால் தவிர யார் கண்ணிலும் படாது. பொதுவாக 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். எங்கள் வண்டி அந்தக் கணக்கை இரண்டு தடவை தாண்டியிருந்தது.

ஆயில் வாங்கும் பொறுப்பு எனக்கு. கடையில் “கார் கியர் ஆயில்” என்றேன். “தொண்ணூறு ஆயில்தானே?” என்று மூன்று லிட்டர் கேனை எடுத்துவைத்தார்கள். பெருமையாகக் கொண்டுபோனேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி, கேனைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தார்.

“இது ஜிஎல்-5. வேண்டாம்மா. இது பின்னாடி கிரவுன் இருக்குத வண்டிக்கு ஊத்துதது.”

அம்பாசடர், பத்மினி மாதிரி கார்களில் கியர் பாக்ஸ் முன்னால், கிரவுன் பின்னால். இரண்டுக்கும் தனித்தனி ஆயில். கிரவுனில் பற்கள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும். அதைத் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ரசாயனத்தை ஜிஎல்-5 ஆயிலில் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். மாருதி 800-ல் முன் சக்கரம்தான் இழுக்கிறது. கியர், கிரவுன் எல்லாம் ஒரே பெட்டிக்குள், ஒரே ஆயிலில். அந்தப் பெட்டிக்குள் பித்தளை வளையங்களும் இருக்கின்றன. அவைதான் சின்க்ரோ ரிங்.

கியர் மாற்றும்போது இரண்டு பாகங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியே சேர்த்தால் பல்லோடு பல் மோதும். அதற்கு முன்னால் இந்தப் பித்தளை வளையம் போய் உரசி, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். உரசத்தான் அதன் வேலை. ஆயில் அளவுக்கு மீறி வழுவழுப்பாக இருந்தால் வளையத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. போதாக்குறைக்கு அந்தக் கந்தக ரசாயனம் சூட்டில் பித்தளையை அரிக்கவும் செய்யும். பித்தளைக்குக் கேடில்லாத ஜிஎல்-5 ஆயில்களும் இப்போது வருகின்றன. ஆனால், எங்கள் வண்டிக்கு ஜிஎல்-4 போதும். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றித் தந்தார். 80டபிள்யூ-90, ஜிஎல்-4.

சூடாக இருந்தால்தான் ஆயில் நன்றாக வடியும் என்று வள்ளியூர் ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, ஷெட்டுக் குழியின் மேல் வண்டியை நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம். குழி என்றால் வண்டி சமமாகவும் நிற்கும். சாய்வாக நின்றால் ஆயில் அளவு தப்பிவிடும். “பொம்பளப் பிள்ள குழிக்குள்ள இறங்காண்டாம்னு அம்மா சொல்லுதா” என்று அப்பா போனைப் பொத்திக்கொண்டு சொன்னார். நான் அதற்குள் இறங்கியிருந்தேன்.

அண்ணாச்சி கையில் ரிங் ஸ்பேனரைக் கொடுத்தார். நான் நேராகக் கீழ் போல்ட்டுக்குப் போனேன்.

“மொதல்ல மேல் போல்ட்டக் கழட்டு!”

ஆயில் வடிவது கீழ் போல்ட் வழியாக. ஊற்றுவது பக்கவாட்டில் மேலே இருக்கும் இன்னொரு போல்ட் வழியாக. “கீழ உள்ளதக் கழட்டி எல்லாத்தயும் வடிச்சிட்டு, பெறவு மேல உள்ளது வரலன்னு வையி. வண்டி இங்கனயே கெடக்க வேண்டியதுதான். ஊத்த வழி இருக்கான்னு பாத்துட்டுத்தாம்மா வடிக்கணும்.”

அவர் சொன்ன மாதிரியே மேல் போல்ட் வரவில்லை. இத்தனை வருடத் துரு. துரு ஆயிலை அடித்துவிட்டு, சுத்தியலால் மெதுவாகத் தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தோம். அரை மணி நேரம் கழித்து ‘டக்’கென்று ஒரு சத்தம். இளகிவிட்டது. அடிமுட்டாள்தனமாகக் கீழ் போல்ட்டை முதலில் திறந்திருந்தால், அந்த அரை மணி நேரமும் காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

கீழ் போல்ட்டைத் திறந்ததும் கருப்பட்டிப் பாகு மாதிரி இறங்கியது ஆயில். அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கந்தகம்தான். தட்டில் சேர்ந்த ஆயிலை அண்ணாச்சி வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்தார். உள்ளே பொன் துகள் தூவினாற்போல் மின்னியது.

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று வைத்திருந்தார். அதைத் துணியில் சுற்றி ஆயிலில் விட்டு எடுத்தார். கறுப்பு மசி கொஞ்சம் ஒட்டியிருந்தது. மினுமினுப்பு ஒட்டவேயில்லை. “இரும்பு கொஞ்சந்தான். மின்னுதது பூரா பித்தளை” என்றார். இரும்புத் துண்டு துண்டாக வந்திருந்தால் பல் உடைந்திருக்கிறது என்று அர்த்தமாம். இப்படிப் பொடியாக வந்தால் ரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். “வயசுக்கு இவ்வளவு வரப்பிடாதே...” என்று இழுத்தார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புது வாஷர் போட்டுக் கீழ் போல்ட்டை மூடினோம். அலுமினியப் பெட்டி என்பதால் பலத்தையெல்லாம் காட்டி முறுக்கக் கூடாது, மரை போய்விடும். மேலிருந்து புனலும் குழாயும் வைத்து ஊற்றினோம். இரண்டு லிட்டரை ஒட்டி உள்ளே போனதும் மேல் துளை வழியாக ஆயில் வழிய ஆரம்பித்தது. அதுதான் அளவு. அளவுகோல் எதுவும் தேவையில்லை. வழிவது நின்றதும் மேல் போல்ட்டையும் மூடினோம்.

முதலில் நான் ஓட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப இரண்டு. சத்தமே இல்லை! கியர் கம்பி தானாகப் போய் உட்கார்ந்தது. நான் ஓட்டும்போது முன்பும் சத்தம் குறைவாகத்தான் வரும். என் கைக்கு வண்டி ஒத்துப்போகிறது என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எறங்கு, நான் பாக்கேன்” என்று அப்பா சாவிக்குக் கை நீட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. அண்ணாச்சி பக்கத்து சீட்டில், நான் பின்னால். முதல் வேகத்தடை. மூன்றிலிருந்து இரண்டு.

கர்ர்ர்.

யாரும் பேசவில்லை. அடுத்த தடையில் மறுபடியும். அண்ணாச்சி கியர் கம்பியைப் பார்க்கவில்லை, குனிந்து அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை ஓரம்கட்டச் சொன்னார்.

“சார், செருப்பக் கழட்டிட்டு கிளட்ச்ச ஒருக்க மிதிங்க.”

மிதித்தார்.

“முழுசா மிதிங்க சார்.”

“முழுசாத்தான்வே மிதிச்சிருக்கேன்.”

பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். பெடலுக்குக் கீழே இன்னும் நன்றாக இரண்டு விரல்கடை இடம் இருந்தது. பாதத்தின் ஓரம்தான் பெடலில் பட்டுக்கொண்டிருந்தது. அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு அது முழுசாக மிதித்த மாதிரிதான் இருந்திருக்கிறது.

கிளட்ச் முழுதாக அமுங்காவிட்டால் இன்ஜினின் சுழற்சி கியர் பாக்ஸுக்குள் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். பித்தளை வளையம் அதோடு மல்லுக்கட்டித் தேயும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதுதான் அதற்கு வேலை அதிகம். தட்டில் மின்னியதெல்லாம் அதுதான். எவ்வளவு நாளாக என்று அண்ணாச்சி கேட்டபோது அப்பா ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரவு வீட்டில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எங்கள் ஊர் வானமாமலைப் பெருமாளுக்குத் தினமும் எண்ணெய்க் காப்பு உண்டு. அந்த எண்ணெய் கோயிலில் உள்ள கிணற்றில் சேரும். தோல் நோய்க்கு மருந்தென்று வெளியூர்க்காரர்கள்கூட வாங்கிப்போவார்கள். அப்பா ஒரு வருடமாக ராத்திரியில் அதைப் பாதத்தில் தடவிக்கொண்டிருந்தார். பித்தவெடிப்புக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். “காலுல பஞ்சு சுத்துன மாரி இருக்கு. அதுக்குத்தான்” என்றார் இப்போது. ஆவணியில் ஒருநாள் கோயிலிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். வழியில் கழன்று விழுந்தது தெரியவில்லையாம். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் அதை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வேறு போட்டேன்.

அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போடுகிறார், ரத்தம் சோதிக்கிறார். காலை யாரும் பார்க்கவில்லை. ‘ஏன் சொல்லலை?’ என்று கேட்டேன். “சொன்னா சாவிய வாங்கிருவீங்க” என்றார்.

பாளையங்கோட்டையில் டாக்டர் முதலில் செருப்பைத்தான் கழற்றச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. வளையும்போது பத்து கிராம் அழுத்தம்தான் கொடுக்கும். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் இடம் மாற்றி மாற்றித் தொட்டார். தொடும்போதெல்லாம் ‘ஆமா’ சொல்ல வேண்டும். இடது காலில் பத்து இடங்களில் தொட்டார். நாலு ‘ஆமா’தான் வந்தது. “வலது கால் ஒண்ணும் இல்ல, அது நல்லாருக்கு” என்று அப்பா முந்திக்கொண்டார். டாக்டர் அதிலும் தொட்டுப் பார்த்தார். இரண்டு இடங்களில் அப்பா பேசாமல் இருந்தார்.

கிளட்ச் மிதிப்பது இடது கால். பிரேக் மிதிப்பது வலது கால். அந்தச் சின்ன அறையில் எனக்கு வியர்த்துவிட்டது. பொங்கலன்று அதே காரில் அம்மா, நான், சித்தி பிள்ளைகள் இரண்டு பேர் என்று திருக்குறுங்குடி போய் வந்திருந்தோம்.

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அதைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் காலுக்கு அது எட்டவில்லை.

இப்போதைக்கு வண்டி ஓட்ட வேண்டாம், வெறுங்காலில் நடக்க வேண்டாம், தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், புண் இருந்தால் உடனே வாருங்கள் என்றார் டாக்டர். எண்ணெய் பற்றி அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். “பாதத்துல தடவுங்க, தோல் வெடிக்காம இருக்கும். விரல் இடுக்குல மட்டும் வேண்டாம்” என்றார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

கிளட்ச்தான் பிரச்னை என்றால் கிளட்ச் இல்லாத கார் வாங்கலாமே என்று முதலில் நினைத்திருந்தேன். 800-ஐ நிறுத்திய அடுத்த மாதமே, 2014 பிப்ரவரியில், அதே மாருதி கம்பெனி கிளட்ச் பெடல் இல்லாத செலேரியோவைக் கொண்டுவந்தது. ஆனால், அந்த இரண்டு ‘ஆமா’ வராத வலது காலுக்கு எந்த கம்பெனியும் கார் செய்யவில்லை. அப்பாவும் அதைப் புரிந்துகொண்டார். திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். நாங்குநேரி டோல்கேட் வரும் வரை அவர் டிவிஎஸ் கதையைக்கூடச் சொல்லவில்லை.

பழைய ஆயில் இரண்டு லிட்டர் கேனில் வாசலில் இருந்தது. கதவு, நிலைக்குத் தடவினால் கரையான் வராது என்றார் அம்மா. கொல்லையில் ஊற்றிவிடலாம் என்றார் பக்கத்து வீட்டு மாமா. 2016-ம் வருட விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. மண்ணில் ஊற்றினால் அடுத்த மழைக்குப் பெரிய குளத்துக்குத்தான் போகும். அண்ணாச்சி பீப்பாயில் சேர்த்துவைத்து, மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் வரும்போது கொடுக்கிறார். அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சாவியை அப்பா ஒரு வாரம் கழித்து அவராகவே எடுத்துக் கொடுத்தார். என்னிடம் இல்லை, அம்மாவிடம். “நீ எல்எல்ஆர் போடு. நான் சொல்லித்தாரேன்” என்றார். காயலாங்கடைக் கட்சியின் தலைவியாக இருந்த அம்மா மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு, நாலாம் நாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

நோட்டில் புதிதாக ஒரு வரி இருக்கிறது. ‘கியர் ஆயில், 80டபிள்யூ-90, ஜிஎல்-4.’ தேதி, கிலோமீட்டர் எல்லாம் அப்பாவின் கையெழுத்தில். அதற்குக் கீழே கட்டம் போட்டு, ‘இடது கால், வலது கால்’ என்று தினமும் ஒரு டிக். அது அம்மாவின் கையெழுத்து.

ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான், கொஞ்ச நாள் ஓடும், ஆறு மாதம் கழித்து ஆயிலை மறுபடி பார்க்கணும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது பைபாஸில் கார் நின்றது. லைசென்ஸ் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்ததால், அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அப்பா இடது பக்கம், டாக்டர் சொன்ன மூடிய செருப்போடு. முதல் வேகத்தடையில் கர்ர் என்றது.

“முழுசா மிதி” என்றார் அப்பா.

“மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், சும்மா வாங்க” என்றார் அம்மா.